மாத்திரையும் வேண்டும், பேச்சும் வேண்டும்

வணக்கம் நேயர்களே. குடிநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை தருகிற மனநல மருத்துவர் நான். என்னிடம் வருகிறவர்கள் இரண்டு கட்சியாகத்தான் வந்து உட்காருவார்கள். ஒரு கட்சி, "பேசிப் பேசி அலுத்துவிட்டது டாக்டர், நல்ல மாத்திரையாக எழுதிக் கொடுங்கள்" என்னும். மறு கட்சி, "மாத்திரையெல்லாம் வேண்டாம் டாக்டர், ஒன்றை விடுவதற்கு இன்னொன்றைப் பழக்கிவிடாதீர்கள். மனசு வைத்தால் விட்டுவிடுவார், நீங்கள் நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் போதும்" என்னும். சில வீடுகளில் அம்மா ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. நடுவில் நோயாளி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு கட்சிக்கும் என் பதில் ஒன்றுதான். மருந்தும் நடக்கட்டும், பேச்சு சிகிச்சையும் நடக்கட்டும். பல வருடமாக இதையே சொல்லி வருகிறேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கடைசியில் நேரம் இருக்குமோ இருக்காதோ, இப்போதே சொல்லிவிடுகிறேன். பல வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று ஒருநாள் "இன்றோடு நிறுத்தினேன்" என்று வீட்டிலேயே இருந்து நிறுத்துவது ஆபத்து. வைராக்கியம் நல்லதுதான், ஆனால் மதுவுக்குப் பழகிய மூளை அதற்குத் தயாராக இருக்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கி எறிவார். அங்கே பூச்சி எதுவும் இருக்காது. எதிரில் இல்லாத ஆளிடம் சண்டை போடுவார். இதில் உயிர் போவதும் உண்டு. அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பில் டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு அது குறைந்துபோயிருக்கும்; கவனிக்காமல் விட்டால் ஞாபக சக்தியே நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

ஒரு வாரம், பத்து நாளில் நடுக்கம் நின்றுவிடும், பசி எடுக்கும், முகம் தெளிந்துவிடும். வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டு, "சரியாகிவிட்டது, போய் வருகிறோம்" என்று கிளம்புவார்கள். எனக்குக் கவலை தொடங்குவதே அப்போதுதான். உடம்பிலிருந்து மது இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். குடிக்க வேண்டும் என்கிற வேட்கை எங்கும் போய்விடவில்லை.

சரி, அந்த வேட்கைக்கு மருந்து என்ன செய்கிறது? ரேடியோவில் படம் வரைந்து காட்ட முடியாது. முதலில் ஹெராயினை எடுத்துக்கொள்வோம், மதுவுக்குப் பிறகு வருகிறேன். ஹெராயின் போன்ற அபினி வகைப் பொருள்கள் மூளையில் வந்து உட்காரும் இடங்கள் உண்டு, அவற்றை நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெராயின் ஓடிவந்து உட்காரும், ஒரு ஆட்டம் போடும், சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். நாற்காலி காலியானதும் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, மறுபடி தேடல். இனி நாங்கள் தருகிற மருந்துகள். மெத்தடோன் மெதுவாக வந்து உட்காரும், ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காது, ஆட்டமும் போடாது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற புப்ரினார்பின் நாற்காலியில் பாதிதான் உட்காரும், ஆனால் இன்னொருவர் உட்கார இடம் கொடுக்காது. நால்ட்ரெக்சோன் நாற்காலியை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். போதையும் தராது, போதை ஏறவும் விடாது.

"ஒன்றை விட்டு இன்னொன்றா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் ஒரு கதை சொல்வேன். என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1960-களின் நடுவில் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல் என்றொரு டாக்டர். உடலின் வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்தவர். அவரோடு சேர்ந்தவர் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவர். ஹெராயின் நோயாளிகளோடு பல காலம் பழகியவர். முதலில் நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்குப் பல ஊசி. நோயாளிகள் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, அடுத்த ஊசி எப்போது என்று காத்துக்கிடந்தார்கள். வேறு எதிலும் நாட்டமில்லை. பிறகு மெத்தடோனுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் ஒருவர் படம் வரையத் தொடங்கினார், நன்றாகவும் வரைந்தார். இன்னொருவர், விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று வந்து நின்றார். இருவர் உடம்பிலும் அபினி வகை மருந்து இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நாள் முழுக்க அதைத் தேடும் வேலை நின்றுபோயிருந்தது. 1965-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரினார்பினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

கதை இதோடு முடியவில்லை, எனக்குப் பிடித்த பகுதியே இனிமேல்தான். 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதுதான் அதன் வழி. மாத்திரை எதுவும் கிடையாது. மருந்தே கதி என்று இருந்த நம் டோலை அந்த அமைப்பு தன் அறங்காவலர்களில் ஒருவராக அழைத்தது. குடிநோயாளி அல்லாத அறங்காவலர்களும் அங்கே உண்டு. ஆள் மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று அவருக்கே சந்தேகம். அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், தம் கடைசிக் காலத்தில் டோலிடம் ஒன்றைக் கேட்டாராம்: மெத்தடோன் மாதிரி, குடி வேட்கையைத் தணிக்கிற ஒரு மருந்தை மதுவுக்கும் தேடிக் கண்டுபிடியுங்கள் என்று. கூட்டத்துக்கு வந்து நழுவிப்போகிறவர்கள், வராமலே போகிறவர்கள், அவர்களைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. டோல் பிற்பாடு இதை எழுதி வைத்திருக்கிறார். பேச்சின் பலத்தை முழுதாக நம்பியவரே மருந்தைக் கேட்டிருக்கிறார் பாருங்கள்! பெஞ்சில் இரண்டு கட்சியாக உட்காருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல ஆசை.

மதுவுக்கு அதற்கு முன்பே ஒரு மருந்து இருந்தது, டைசல்ஃபிராம். அது வந்த விதம் வேடிக்கை. கோபன்ஹேகனில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் அதைக் குடல்புழு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்ப்பது அன்றைய வழக்கம். விழுங்கிய பிறகு எங்கே மது அருந்தினாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. 1948-இல் அதைக் குடிநோய்க்கான மருந்தாக வெளியிட்டார்கள். மது உடைந்து அசிட்டால்டிஹைடு ஆகும். அதை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் இந்த மாத்திரை தடுக்கிறது. தேங்கி நிற்கிற அதுதான் ஆளைப் பிரட்டி எடுக்கிறது.

இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். இந்த மாத்திரையைப் பொடி செய்து, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். அவர் வழக்கம்போலக் குடிப்பார். ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், இதயநோய் உள்ளவர் செத்தும் போகலாம். உயிருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், ஒருநாள் விஷயம் வெளியே வரும். அதற்கப்புறம் அவர் அந்த வீட்டில் ஒரு வாய் சோற்றை நம்பிச் சாப்பிடுவாரா? மறுபடியும் சொல்கிறேன், தெரியாமல் கொடுப்பது சிகிச்சையே அல்ல.

தெரிந்து, சம்மதித்து எடுத்துக்கொள்ளும்போது அதே மாத்திரை வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரு தம்பதியை நினைத்துக்கொள்கிறேன். சாயந்தரம் அவர் செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மா பக்கத்தில் வந்து மூச்சை மோந்து பார்ப்பார். அன்றைக்குக் குடிக்காமல் வந்திருந்தாலும் அதிலேயே சண்டை மூளும். ஆலோசகர் இருவரையும் வைத்துப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். காலையில் மனைவி எதிரிலேயே அவர் மாத்திரையை விழுங்க வேண்டும், மனைவி "சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்; சாயந்தரம் சோதனை கூடாது, பழைய கதை பேசக் கூடாது. மருந்து அவருடைய கையைக் கட்டியது, அது உண்மை. ஆனால் சாயந்தரச் சண்டையை நிறுத்தியது அந்த ஏற்பாடு. மாத்திரைச் சீட்டில் அதை எழுதிக் கொடுக்க முடியாது. இதை எடுத்துக்கொள்கிறவர்கள் கவனத்துக்கு: மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட மதுவோடு அது மோதலாம். மது கலந்த இருமல் மருந்தும் ஆகாது.

நால்ட்ரெக்சோனை மதுவுக்கும் தரலாம் என்று அமெரிக்காவில் 1994-இல் அனுமதித்தார்கள். குடித்தால் குமட்டாது, ஆனால் முதல் கிளாஸ் கொடுக்கிற குஷி குறைந்துவிடும், இரண்டாவது கிளாஸுக்கு அவ்வளவு அவசரம் இருக்காது. அபினி வகை வலி மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அகம்ப்ரோசேட் என்று இன்னொன்று, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகளில் அதன் பலன் தெரிந்தது, அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றில் தெரியவில்லை.

இனி பேச்சு சிகிச்சை. நாலு வார்த்தை எடுத்துச் சொல்வது அல்ல அது. "குடி குடியைக் கெடுக்கும்" என்பது குடிக்கிறவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நல்ல ஆலோசகர் குறைவாகப் பேசுவார். கடைசியாகக் குடித்த நாளை மணிவாரியாகச் சொல்லச் சொல்வார். "என்னவோ, அப்படியே நடந்துவிட்டது" என்பதுதான் முதல் பதிலாக வரும். இன்னும் கொஞ்சம் கிளறினால், நாலு மணிக்கு மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டியது வரும். அப்புறம் வழக்கமான வழியில் போகாமல் கடை இருக்கிற தெருவாகத் திரும்பியது, பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தது. குடித்தது ஏழு மணிக்கு, தீர்மானம் நாலேகாலுக்கே ஆகிவிட்டது. அடுத்த தடவை நாலேகாலுக்கு என்ன செய்வது, யாருக்கு போன் செய்வது, எந்தத் தெருவில் போவது, இதையெல்லாம் பேசிப் பழகிப் பார்ப்பதுதான் சிகிச்சை. வேட்கை தலைக்கேறியிருக்கும்போது இந்தப் பேச்சு காதில் ஏறாது. மருந்து அதைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் ஏறும்.

இரண்டும் சேர்ந்தால் எப்போதும் இரட்டிப்புப் பலன் என்று நான் சொல்ல மாட்டேன். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,383 குடிநோயாளிகள். மருத்துவரின் தொடர் கவனிப்போடு நால்ட்ரெக்சோன் பெற்றவர்களும், அதே கவனிப்போடு சிறப்புப் பேச்சு சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். இரண்டையும் சேர்த்தபோது கூடுதலாகப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அப்படியானால் ஏன் இரண்டும் என்கிறேன்? யாருக்கு எது பலன் தரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை. அதோடு, மருந்தை விடாமல் எடுக்க வைப்பதே பாதி நேரம் அந்தப் பேச்சுதான்.

ஆனால் அபினி வகையில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கவுன்சலிங்குக்கு வரவில்லை என்பதற்காக மெத்தடோனையோ புப்ரினார்பினையோ நிறுத்தக் கூடாது. அங்கே மருந்து மட்டுமே கூட உயிரைக் காப்பாற்றுகிறது. பிரான்சில் 1990-களின் நடுவில் சாதாரண மருத்துவர்களே புப்ரினார்பின் எழுத வழி செய்தார்கள். சில வருடத்தில், போதைப்பொருளை அளவு மீறி எடுத்ததால் வந்த சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் முடியப்போகிறது. சிகரெட்டைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டுகிற பேட்ச், வரெனிக்லின் மாத்திரை எல்லாம் இருக்கின்றன, மருத்துவரைக் கேளுங்கள். கொக்கெய்ன், மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்) போன்ற போதைப்பொருள்களுக்கு இதுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது, அங்கே பேச்சு சிகிச்சையும், சோதனையில் போதைப்பொருள் இல்லை என்று வந்தால் சிறு பரிசு தருகிற முறையும்தான். கர்ப்பிணிகள் அபினி வகையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அவர்களுக்கும் மெத்தடோன், புப்ரினார்பின் உண்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தவருக்கு உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவு ஹெராயினை ஒரே ஒரு தடவை எடுத்தாலும் அது உயிரை எடுக்கலாம். அதனால் அபினி வகைப் பொருளின் வேலையை உடனே முறிக்கிற நலோக்சோன் என்ற மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினாலும் எழாவிட்டால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அதைக் கொடுங்கள். கண் விழித்துவிட்டாரே என்று தனியாக விட்டுப் போகாதீர்கள். நலோக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், உள்ளே போன ஹெராயின் அதற்குப் பிறகும் இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். வணக்கம்.