பிள்ளையாரா வருவார்?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, கொசுவை அடித்தபடியே கைதட்டவும் கற்றுக்கொண்ட திருச்சி மக்களே, வணக்கம். எட்டே நிமிடம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைத் தாங்குவது இறை நம்பிக்கையா, மனித முயற்சியா? நான் நம்பிக்கை அணி. எதிரணித் தலைவர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைச் சொன்னார். பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றியும் சொன்னார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் வீட்டுக்கும் வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணுக்கு நான் காபி கொடுக்காமல் அனுப்புவதில்லை. ஆனால் ஐயா, அவர் பகலில் வருவார். சட்டம் கோர்ட் திறந்திருக்கும்போது வரும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார்?

இதைத்தான் அந்த அணியின் மூன்றாவது பேச்சாளர், அந்தத் தம்பி, என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு கேட்டார்: “கடவுள் காப்பாற்றுவார் என்கிறீர்களே, ராத்திரியில் அம்மாவுக்கு டயப்பர் மாற்றப் பிள்ளையாரா வருவார்?” என்ன கைதட்டல்! முன்வரிசையில் பச்சைச் சட்டை போட்ட ஐயா, நீங்கள் எழுந்து நின்றே தட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தம்பி, இதை வேறு ஊரில் கேட்டிருந்தால் தப்பித்திருப்பீர்கள். மலைக்கோட்டை அடிவாரத்தில் மைக் பிடித்துக் கேட்டுவிட்டீர்களே! இந்த ஊரில் ரத்னாவதி என்று ஒரு பெண். நிறைமாதம். பூம்புகாரிலிருந்து அம்மா வர வேண்டும். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே அம்மா நின்றுவிட்டாள். இங்கே வலி எடுத்துவிட்டது. சிவபெருமான் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நிற்கிறாள், வீட்டில் இரண்டு அம்மா! பிரசவம் பார்ப்பது மாலை போட்டுக்கொண்டு நிற்கிற வேலையா? வெந்நீர், ரத்தம், துணி அலசுவது. அதைச் செய்ததால்தான் அவருக்குத் தாயுமானவர் என்று பெயர். பிள்ளையாரா வருவார் என்று கேட்டீர்கள். தம்பி, அவர் அப்பாவே வந்திருக்கிறார்! பிள்ளையார் மேலே உச்சியில் உட்கார்ந்து, “எங்க வீட்டில் அந்த வேலையெல்லாம் அப்பாதான் பார்ப்பார்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பச்சைச் சட்டை ஐயா, இதற்கும் எழுந்திருக்கலாம்.

அது புராணம் என்பார்கள். சரி, என் வீட்டுக்கு வாருங்கள். அம்மாவுக்கு மறதி நோய். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் மஞ்சப்பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போகணும்” என்று வாசலில் நிற்பாள். வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகணும் என்பாள்! இந்த நோயில் பொழுது சாயும்போது இப்படி ஆகும், வாதாடாதீர்கள் என்றார் டாக்டர். நானும் தெருவை ஒரு சுற்று கூட்டிப்போய் அதே வாசலுக்கு வந்து, “வீடு வந்தாச்சும்மா” என்பேன். “நல்ல வீடு. வாடகை எவ்வளவு?” என்று கேட்பாள்.

ஒரு மார்கழி. அசதியில் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் மணி நாலே முக்கால், கட்டில் காலி. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. செருப்பில்லாமல் ஓடினேன். வாயில் வேறு எந்த வார்த்தையும் வரவில்லை, பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்பதுதான். தெருமுனைப் பிள்ளையார் கோயில் திண்ணையில் அம்மா! பூக்காரம்மாவின் சால்வை தோளில். கையில் தொன்னை. தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். வீட்டில் அரை இட்லிக்கு அரை மணி நேரம் கெஞ்ச வேண்டும் ஐயா! “ரெண்டு தொன்னை ஆச்சு, இது மூணாவது” என்றார் பூக்காரம்மா. சர்க்கரை நோயாளிக்கு மூன்று தொன்னை! என்னைப் பார்த்ததும் அம்மா குருக்களிடம் சொன்னாள்: “இந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு குடுங்க. பாவம், எங்கேருந்தோ ஓடி வருது.”

தம்பி தலையாட்டுகிறார். காப்பாற்றியது பூக்காரம்மா, அவர் மனிதர், பாயிண்ட் எங்களுக்கு என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடியாத வேளையில் பூக்காரம்மாவுக்கு அங்கே என்ன வேலை? குருக்களுக்கு? அடுப்பில் பொங்கலுக்கு? மார்கழி என்பதால் கோயில் திறந்திருந்தது. சிறுமியாகக் கோலம் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடிய கால்கள், பெயர் மறந்த பிறகும் அதே வழியில் போயிருக்கின்றன. ஐப்பசியில் போயிருந்தால் தெருவில் நாய்தான் இருந்திருக்கும். பிள்ளையார் டயப்பர் மாற்ற வரவில்லை தம்பி. நான் தூங்கிய அந்த நேரத்துக்கு அம்மாவைப் பார்த்துக்கொண்டார். டயப்பரை நானே மாற்றிக்கொள்கிறேன்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிடம் ஐயா.

இப்போது அம்மாவால் தெருமுனைக்குக்கூட நடக்க முடியவில்லை. முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறேன். என் பெயர் போய் ஒரு வருடம் ஆகிறது. நான் யார் என்று கேட்டால், “வேலைக்கு வர்ற பொண்ணு” என்பாள். சில நாள் கோபம் வருகிறது. மொட்டை மாடிக்குப் போய் அழுதுவிட்டு இறங்கி வருகிறேன். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, விபூதி வைத்துவிட்டு, சாமி கும்பிடும்மா என்றேன். கை தானாகச் சேரவில்லை, நான்தான் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “பிள்ளையாரப்பா, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. எங்க இருக்கான்னு தெரியலை. அவ சாப்பிட்டாளோ என்னவோ. நீ பக்கத்துல இருந்து பாத்துக்கோ.”

அவள் கை என் கைக்குள் இருந்தது ஐயா.

மணி அடித்துவிட்டார்கள். சரி. ஒன்பது மணிக்கு அம்மாவைப் புரட்டிவிட வேண்டும், தீர்ப்பைப் போனில் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.