மிளகை விடுங்கள், பாசிப்பயறைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கேமராவைக் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் வைத்திருக்கிறேன், நடுவில் காக்கா கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையில் இருக்கும் இந்தக் கறுப்புச் சமாச்சாரம் என்ன தெரிகிறதா? பாசிப்பயறு. ஞாயிற்றுக்கிழமை கஞ்சிக்கு வறுக்கப் போட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தால் வடச்சட்டி முழுக்கக் கரி. அம்மா குப்பையில் கொட்டச் சொன்னார். நான் டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பழங்காலத்துப் பருப்பும் நெல்லும் மண்ணுக்குள் எப்படி மிஞ்சும், மட்கிப் போகாதா என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். போகும், பெரும்பாலும் போய்விடும். ஆனால் பாதி எரிந்து கரியாகிவிட்ட தானியத்தைப் பூச்சியும் சீண்டாது, பூஞ்சையும் சீண்டாது. அடுப்பில் சிந்தியது, தீய்ந்துபோனது, குடிசை எரிந்தபோது குதிருக்குள் மாட்டிக்கொண்டது, இதெல்லாம்தான் நமக்குக் கிடைக்கிறது. ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்ட சோறு ஒன்றும் கிடைக்காது. கீரையும் கிழங்கும் அதிலும் மோசம், அவை இந்த வழியில் தடயம் விடுவதே அபூர்வம்.

சரி, இப்போது பாருங்கள். கரிந்த பயறைத் தோட்டத்து மண்ணோடு பிசைந்து வாளியில் போட்டேன், தண்ணீர் ஊற்றிக் கையால் மெதுவாகக் கலக்குகிறேன்... அதோ, மேலே வருகிறது பாருங்கள்! மண் அடியில் தங்குகிறது, கரி மிதக்கிறது. டீ வடிகட்டியால் அள்ளிவிடலாம். அகழாய்வுக் குழியிலும் அடிப்படையில் இதேதான், மூட்டை மூட்டையாக மண்ணை இப்படி அலசி, மிதப்பதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள சல்லடையில் பிடித்து, நிழலில் காயவைத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பயறு பிளந்திருந்தால் உள்ளே முளைக்கரு விட்ட தடம் தெரியும், அது எவ்வளவு நீளம் என்று பார்த்தே பாசிப்பயறா உளுந்தா என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குப் பொறுமை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

பாலைவனத்தில் இந்தக் கரியும் வேண்டாம். அங்கே மழையே கிடையாது என்பதால் எல்லாம் வற்றிக் காய்ந்து அப்படியே கிடக்கும். அப்படி ஒரு ஊர்தான் எகிப்தில் செங்கடல் கரையில் இருந்த பெரெனிகே துறைமுகம். அங்கே செராபிஸ் கோவில் முற்றத்தில், தரையில் பதித்து வைத்த ஒரு பெரிய சாடி கிடைத்தது. சாடியே இந்தியாவில் செய்தது. உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தச் செய்தியை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். யவனர் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, போனதை அகநானூறு சொல்கிறது, மிளகு விலையைப் பார்த்து ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார், அதனால் மிளகு கிடைத்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் அதே ஊர்க் குப்பைமேட்டில் இருக்கிறது. ரெனே காப்பெர்ஸ் என்ற தாவரத் தொல்லியலாளர் அங்கே கிடைத்த விதைகளை ஆராய்ந்து பட்டியல் போட்டார். அரிசி, தேங்காய், நெல்லிக்காய், குன்றிமணி, அப்புறம் நம் பாசிப்பயறு! யோசித்துப் பாருங்கள், ரோமாபுரியில் யார் பாசிப்பயறு கேட்டார்கள்? கடல் கடந்து விற்கிற அளவுக்கு அதற்கு அங்கே என்ன விலை இருந்திருக்கும்? அப்படியென்றால் அது சரக்கு இல்லை, சாப்பாடு. கப்பலில் வந்தவர்கள் தங்களுக்காகக் கொண்டுவந்த சாப்பாடு. இந்தியாவில் செய்த சமையல் பானைகளும் அங்கே கிடைத்திருப்பதால் இந்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது.

காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கமிருந்து டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்றைப் பிடித்துக் கிளம்புகிற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தால் உடனே திரும்ப முடியாது, ஜூலை வாக்கில்தான் இந்தப் பக்கம் வரக் காற்று வாய்க்கும். நடுவில் மாதக்கணக்கில் அந்த வறண்ட ஊரில் கிடக்க வேண்டும். கோதுமையும் பார்லியும்கூட அங்கே விளையாது, நைல் ஆற்றங்கரையிலிருந்து ஒட்டகத்தில் 12 நாள் வழி என்று பிளினியே எழுதியிருக்கிறார். அப்படி ஒரு இடத்தில் கையில் பயறும் அரிசியும் இருக்கிறவன் பொங்கித் தின்னாமல் என்ன செய்வான்?

அங்கே இருந்தவர்கள் யார் என்பதற்கும் துப்பு உண்டு. பெரெனிகேயிலேயே 'கொற்றபூமான்' என்ற பெயரைத் தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. அதற்கு வடக்கே இன்னொரு துறைமுகம், குசைர் அல்-காதிம், அங்கே கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்று இருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்றால் நம் உறிதான், பானையைக் கட்டித் தொங்கவிடுவோமே, அதே உறி. அந்தச் சொல்லைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கரியாகாமலும் முழு விதையாக இல்லாமலும் மிஞ்சுகிற தடயமும் உண்டு. வியட்நாமில் ஓக் ஏயோ என்ற இடத்தில் அம்மி மாதிரியான அரைக்கும் கல் ஒன்று கிடைத்தது, அதில் ஒட்டியிருந்த மாவுத் துகள்களை வைத்து மஞ்சள், இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் என்று 8 வகை மசாலாவை அடையாளம் கண்டு 2023இல் கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணுக்கே தெரியாத துகள், அதற்கு ஒரு தனி வீடியோ போட வேண்டும்.

ஐயோ, பேசிக்கொண்டே வாளியை மறந்துவிட்டேன். மிதந்ததையெல்லாம் அள்ளித் துணியில் கொட்டியிருக்கிறேன். கொஞ்சம் பயறு அடியிலேயே தங்கிவிட்டது பாருங்கள், இது நிஜ ஆய்விலும் நடப்பதுதான், அதனால் அடிமண்ணையும் சலிப்பார்கள். இது காயட்டும், பூதக்கண்ணாடியில் காட்டுகிறேன். உங்கள் வீட்டில் உளுந்து தீய்ந்தால் கொட்டிவிடாதீர்கள், எடுத்து வையுங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்கு வேண்டும்.