ஓநாய் அழ வேண்டாம், பசித்தால் போதும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மேய்ச்சலால் அழியும் காட்டை மீட்பது வேலியா, வேட்டை விலங்கா? இதுதான் தலைப்பு. வேலி என்று பேசிய எதிரணி ஐயா பெரிய கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், இவர்கள் அணியில் செடி வாடுகிறதே என்று ஓநாய் அழுகிறது" என்றார். சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஐயா, ஓநாயை அழச் சொல்லி யார் கேட்டது? அதற்குப் பசித்தால் போதும்!

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வாருங்கள். 1926-இல் அங்கே கடைசியாக எஞ்சிய ஓநாய்க் குட்டிகளையும் கொன்றார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 70 வருஷம் எல்க் மானின் ராஜ்ஜியம். குளிர்காலத்தில் புல் பனிக்கு அடியில் போய்விடும். ஓடைக்கரையில் வில்லோ புதரும் ஆஸ்பென் மரக்கன்றும்தான் மேலே தலை நீட்டும். எல்க் அந்த நுனியைக் கடிக்கும். கன்று இரண்டு மீட்டர் தாண்டிவிட்டால் நுனி வாய்க்கு எட்டாது, பிழைத்துக்கொள்ளும். தாண்ட விட்டால்தானே! இந்த வருஷம் நுனி போகும், பக்கத்தில் துளிர்க்கும், அடுத்த வருஷம் அதுவும் போகும். செடிக்கு வயசு ஏறும், உயரம் ஏறாது.

வில்லோ போனால் பீவர் போகும். அணை கட்டும் அந்தப் பிராணிக்கு வில்லோதான் சாப்பாடு, வில்லோதான் கட்டுமானச் சாமான். அணை இல்லாத ஓடை வேகமெடுத்து அடியை அரிக்கும். அரிக்க அரிக்க நிலத்தடி நீர் இறங்கும். வில்லோவின் வேருக்குத் தண்ணீர் எட்டாது.

"வேலி போடு" என்கிறார் ஐயா. போட்டார்களே! 2001-இல் தொடங்கி, சில ஓடைகளில் ஒரு பக்கம் வேலி மட்டும், இன்னொரு பக்கம் செயற்கை அணை மட்டும், வேறொரு பக்கம் இரண்டும் என்று வைத்துப் பார்த்தார்கள். பத்து வருஷம் மானே நெருங்காத வேலிக்குள்ளும் தண்ணீர் இறங்கிப்போன இடத்தில் வில்லோ தடுமாறியது. வேலியும் அணையும் சேர்ந்த இடத்தில்தான் நன்றாக எழுந்தது. "அப்படியானால் ஓநாயாலும் முடியாதே" என்பீர்கள். நியாயமான கேள்வி. 1995-இல் ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்ததும் ஆறே திசை மாறிவிட்டது என்று காட்டும் காணொளிகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. சில கரைகளில் வில்லோவும் ஆஸ்பெனும் எழுந்திருக்கின்றன, பல கரைகளில் இன்னும் இல்லை. இடையில் பைசன் எருமை பெருகி அதுவும் கடிக்கிறது. 70 வருஷம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்த அன்றைக்கே லாபம் கேட்டால் எப்படி?

மனிதனும் முயன்றான். 1961-62 குளிர்காலத்தில் பூங்கா ஊழியர்களே 4,000-க்கும் மேற்பட்ட எல்க்குகளைச் சுட்டார்கள். ஊரே கொதித்தது, சில வருஷத்தில் நிறுத்தினார்கள், மான் மறுபடி பெருகியது. துப்பாக்கிக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பூங்காவுக்கு வெளியே வேட்டைக்காரர்கள் சுட்ட பெண் எல்க்கின் சராசரி வயது 6, 7. கன்று ஈனும் பருவம். ஓநாய் பிடித்த பெண் எல்க்கின் சராசரி வயது 14-க்குப் பக்கம். 1990-களின் நடுவில் 19,000 இருந்த வடபகுதி எல்க் 2013-இல் 4,000-க்கும் கீழே இறங்கியது. பழி முழுக்க ஓநாய்க்கில்லை. பிறந்த கன்றுகளைக் கரடி எடுத்தது, பூமா என்ற பெரும்பூனையும் மானை எடுத்தது, பூங்காவுக்கு வெளியே மனிதனும் சுட்டான்.

ஐயாவின் வேலிக்கு ஒரு பெருமை உண்டு, சொல்கிறேன். 1995 ஜனவரியில் கனடாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். அப்படியே விட்டால் சொந்த ஊரைப் பார்த்து ஓடிவிடும். அதனால் ஒவ்வொன்றும் ஒரு ஏக்கர் அளவில் மூன்று அடைப்புகள். கம்பிவலை பத்தடி உயரம். ஏறித் தாண்டாமல் இருக்க உச்சியை உள்பக்கம் மடக்கினார்கள். தோண்டாமல் இருக்க அடியில் நாலடி வலையைத் தரையோடு விரித்தார்கள். சாலையில் அடிபட்ட மான்தான் சாப்பாடு. பத்து வாரம் போனது. மார்ச் 21, முதல் அடைப்பின் வாசலைத் திறந்தார்கள். ஓநாய் வரவில்லை! மறுநாளும் வரவில்லை! கதவு திறந்திருக்கிறது, எதிரே காடு கிடக்கிறது, வரவில்லை! ஏன்? அந்த வாசல் வழியாகத்தான் மனிதன் வந்து போனான். மனிதன் வரும் வழி ஓநாய்க்கு வழியே இல்லை. விஷயம் புரிந்ததும் பின்பக்க வலையை வெட்டி, வெளியே மான் சடலத்தைப் போட்டார்கள். அந்த ஓட்டை வழியாகக் காட்டுக்குப் போயின. வெட்டிய பிறகுதான் ஐயா, உங்கள் வேலி காட்டுக்கு உதவியது!

தாய்மார்களே, இதைக் கேளுங்கள். அந்த மூன்றில் ஒன்றான ரோஸ் க்ரீக் அடைப்பிலிருந்து வந்த பெண் ஓநாய்க்கு எண் 9. அதன் துணை 10-ஐ ஏப்ரலில் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவள் நிறைமாதம். வளைகூட இல்லாமல் ஒரு மரத்தடியில் எட்டுக் குட்டி போட்டாள். இரை கொண்டுவர ஆள் இல்லை. தாயையும் குட்டிகளையும் பிடித்து அதே அடைப்புக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். அக்டோபரில் மறுபடி வெளியே விட்டபோது, எட்டாம் எண் என்ற இளம் ஆண், ஒன்றரை வயசுகூட நிரம்பாதவன், அவளோடு சேர்ந்தான். தனக்குப் பிறக்காத எட்டுப் பிள்ளைகளுக்கும் அவன்தான் இரை தேடினான். அந்த எட்டில் ஒருவன், எண் 21, பின்னாளில் ட்ரூயிட் என்ற ஓநாய்க் கூட்டத்துக்கே தலைவன்.

நடுவர் அவர்களே, வேலிக்குத் தாய் உண்டா? கம்பிவலை யார் பிள்ளையையாவது வளர்க்குமா? துணையைப் பறிகொடுத்த பிறகும் அந்தக் காட்டை நிரப்பினாளே ஒன்பதாம் எண், அவளுக்காகத் தீர்ப்பை எங்கள் அணிக்கு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.