ஸ்பிரிங் டாங்கியைத் துளைக்குமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "ஐயா, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் காலாட்படை வைத்திருந்த பியாட் என்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம், ஸ்பிரிங்கில் வேலை செய்தது என்றீர்கள். எங்கள் வீட்டு எலிப்பொறியிலும் ஸ்பிரிங்தான் இருக்கிறது. ஸ்பிரிங் எப்படி டாங்கியைத் துளைக்கும்?"

படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு என்னுடையது, அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன்.

ஸ்பிரிங் டாங்கியைத் துளைப்பதில்லை. சொல்லப்போனால் குண்டை எறிவதுகூட அது இல்லை. விசையை அழுத்தினால் ஸ்பிரிங் ஒரு தடித்த இரும்புத் தண்டை முன்னால் தள்ளும். அது குண்டின் வாலுக்குள் போய் அங்கிருக்கும் சின்னத் தோட்டாவைத் தட்டும். தோட்டா வெடித்துத்தான் குண்டு கிளம்புகிறது. அதே வெடி தண்டைப் பின்னால் உதைத்து ஸ்பிரிங்கை மறுபடி மாட்டிவிடும், சுடுகிறவர் தோளை விட்டுக்கொடுக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தால். இல்லையென்றால் கையால்தான் மாட்ட வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறக்குறைய 90 கிலோ. தோள்கட்டையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, ஆயுதத்தைத் திருகி, மேலே இழுக்க வேண்டும். எதிரே மெஷின்கன் சுட்டுக்கொண்டிருக்கும்போது இதை எழுந்து நின்று செய்ய முடியுமா?

இவ்வளவு பாடுபட்டும் குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 75 மீட்டர்தான். துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் எது துளைக்கிறது? பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் எங்கே சுற்றினாலும் மண்ணெண்ணெய்ப் புனலில்தான் வந்து நிற்பேன். இன்றைக்கும் அதே புனல்தான். குண்டுக்குள் இருக்கும் வெடிமருந்தின் முன்பக்கம் புனல் மாதிரி குழிந்திருக்கும். அந்தக் குழிவுக்கு மெல்லிய உலோகத்தில் உள்ளுறை. மருந்து பின்னாலிருந்து வெடித்ததும் புனல் நசுங்கி, கம்பிபோல மெலிந்து, முன்னால் பீறிடும். அதன் நுனி வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாயும். எஃகை உருக்கி ஓட்டை போடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். உருக்குவதில்லை. அந்த அழுத்தத்துக்கு எஃகே சேறு மாதிரி விலகிக்கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே குண்டு வேகமாக வரவேண்டிய அவசியமே இல்லை. டாங்கியின்மேல் கொண்டுபோய் ஒட்டிவைத்து வெடித்தாலும் துளைக்கும். ஜெர்மானியர் காந்தம் வைத்து அப்படியும் செய்தார்கள். இதற்கு முன்னால் வேகத்தைத்தான் நம்பியிருந்தார்கள். பிரிட்டனின் பாய்ஸ் துப்பாக்கி 16 கிலோ, தோளைப் பெயர்க்கிற மாதிரி உதைக்கும். டாங்கிகளின் தகடு தடித்ததும் அது வெறும் சுமையாகிவிட்டது. புனல் வந்த பிறகு, அதை எறிய எது கிடைத்தாலும் போதும் என்றாயிற்று. அமெரிக்கர்கள் 1942-இல் ராக்கெட்டில் வைத்தார்கள், அதுதான் பஸூக்கா. கைப்பற்றிய பஸூக்காவைப் பார்த்து ஜெர்மானியர் 88 மி.மீ. அளவில் பான்சர்ஷ்ரெக் செய்தார்கள். அவர்களுடைய பான்சர்ஃபாஸ்ட் இன்னும் மலிவு. ஒரு தடவை சுட்டுவிட்டுக் குழாயை எறிந்துவிடலாம். ஆனால் ஒரு சாண் கனமுள்ள எஃகைத் துளைக்கும். குழாய்க்குப் பின்னால் நெருப்பு சீறும் என்பதால் அதன் மேலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். பியாட்டில் அந்தத் தொல்லை இல்லை. அறைக்குள் இருந்தே ஜன்னல் வழியாகச் சுடலாம்.

என்னைக் கேட்டால், நேயர் கேட்டிருக்க வேண்டியது "எவ்வளவு கிட்டப் போக வேண்டும்?" என்றுதான். பியாட்டுக்குச் சுமார் 100 மீட்டர். முதலில் வந்த பான்சர்ஃபாஸ்டுக்கு வெறும் 30, அதாவது கிரிக்கெட் பிட்சைப்போல ஒன்றரை மடங்கு. அத்தனை கிட்டத்தில் டாங்கி உறுமினால் காலடியில் தரை அதிரும்.

1944 ஜூன் 12, இம்பால் பக்கம் நிங்தௌகோங் கிராமம். கூர்க்கா படையில் கஞ்சு லாமா என்கிற சிக்கிம்காரர் பியாட்டோடு தனியாக ஊர்ந்து போகிறார். இடது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. வலது கையிலும் காலிலும் காயம். அப்படியும் ஜப்பானிய டாங்கிகளுக்கு 30 கஜம்வரை நெருங்கி, ஒன்றை அடித்தார், அடுத்து இன்னொன்றையும் அடித்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு ஒரு யூகம் உண்டு. மணிக்கட்டு ஒடிந்தவர் அந்த 90 கிலோ ஸ்பிரிங்கைக் கையால் இழுத்திருப்பாரா? முதல் குண்டின் உதையிலேயே அது தானாக மாட்டியிருக்க வேண்டும். அப்படியானால், அந்த உடம்போடு அவர் தோளைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.