சோகக் காட்சிக்கு எந்த ராகம்?

வணக்கம். குடியாத்தத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, முகாரி போட்டால் சோகம் வந்துவிடும் என்கிறார்களே. எந்தக் காட்சிக்கு எந்த ராகம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் பின்னணி இசை அமைத்துவிடலாமா?" ஒரு வாரமாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

பட்டியல் போதாது தம்பி. முகாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் உருகும் 'எந்தனினே' முகாரிதான். அதில் அழுகை எங்கே இருக்கிறது? வியப்பும் பூரிப்பும்தானே! ராகத்துக்கு ஒரு குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் சொல்லிச் சொல்லி அலுக்காத விஷயம் ஒன்று: இசை எந்த நொடியில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

காட்பாடி ஜங்ஷனில் ஒரு பெண் நிற்கிறாள். ரயில் புறப்படுகிறது. ரயில் நகரும் முன்பே புல்லாங்குழல் வந்துவிட்டால், அவளுக்கு முன்னால் நாம் கலங்கிவிடுகிறோம். கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளச் சத்தம் அடங்கிய பிறகு அதே குழல் வந்தால், அவளுக்கு உறைக்கும்போதுதான் நமக்கும் உறைக்கிறது. குழலை எடுத்துவிட்டு, வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரியான செல்லோவில் கீழ் ஸ்தாயி சுரம் ஒன்றை நீட்டிப் பிடித்தால், இவள் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றிவிடும். முகம் அதே முகம்தான்.

நம் பக்கத்துப் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துரியோதனன் வருகிறான். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்கிறார்கள். முகவீணை என்கிற சின்ன நாயனம் வீறிடுகிறது, மிருதங்கம் வேகம் எடுக்கிறது, திரைக்குப் பின்னால் சலங்கை அதிர்கிறது. அவன் அங்கே நின்றபடியே பாடுகிறான். முகத்தைக் காட்டும் முன்பே முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடிக்குப் போய்விடுவார்கள். ஆற்காட்டுப் பக்கம் ஒரு முகவீணைக்காரரிடம், பயத்துக்கு எந்த ராகம் வாசிப்பீர்கள் என்று கேட்டேன். "ராகம் கெடக்கட்டும் சார், திரைய எப்ப எறக்குறாங்கன்னுதான் பாத்துக்கினே இருப்பேன்" என்றார்.

அங்கே இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்திலும் ஒரு திரைதான். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின் குடும்பத்து வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிய இசையைக் கேட்ட பிறகு மனம் மாறினார். அதுவரை வெறும் தண்ணீர்ச் சத்தம். திரை விலகும் நொடியில் அந்தக் கீச்சொலி பாய்கிறது. கூத்தில் திரை இறங்கும் முன்பே இசை வருவதால் நடுக்கம் மெல்ல ஏறுகிறது. இங்கே திரையோடு சேர்ந்து வருவதால் தூக்கிவாரிப் போடுகிறது.

சரி, இசை எங்கே நிற்க வேண்டும் என்று இதுவரை யாருமே கேட்கவில்லையே! என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி. வீட்டில் சண்டை, பின்னால் வயலின்கள் ஏறிக்கொண்டே போகின்றன. "போயிடு" என்ற சொல்லுக்கு ஒரு நொடி முன்னால் எல்லாம் நின்றுவிட்டால், அந்தச் சொல் துணையில்லாமல் வந்து விழும். மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கும். தொடர்ந்து வாசித்திருந்தால் அதுவும் இன்னொரு வசனமாகப் போயிருக்கும்.

தம்பி, பட்டியலை ஓரமாக வையுங்கள். உங்களுக்குப் பிடித்த படத்தில் இசை சட்டென்று நிற்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அதையே பார்ப்போம்.