கயிற்றை எதில் கட்டுகிறோம்?

வணக்கம் நேயர்களே.

என் பெரியப்பா கல்லாற்றில் கடற்றொழில் செய்தவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் என்னையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். ஆழம் நான்கு பாகம்தான். கயிறோ இருபது பாகத்துக்கு மேல் போய்விட்டது. ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "மனே, கயிறு கட்டையா இருந்தா அலையில தோணி தூக்கித் தூக்கி நங்கூரத்தப் பிடுங்கிப் போடும். நீட்டி விட்டாத்தான் அது மண்ணோட படுத்துக் கிடக்கும், அப்பதான் கொழுவும்" என்றார். விடியப்புறம் திரும்பும் நேரம் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டித் தோணியை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்தார். மேல்நோக்கி ஓர் இழுவை. இரவு முழுக்கத் தோணியைப் பிடித்து வைத்திருந்த அதே நங்கூரம் லேசாகக் கழன்று வந்துவிட்டது.

பிறகு நான் கட்டாருக்குப் போனேன். உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கும் வேலை. கயிற்றுப் பயிற்சியில் சொல்லித் தந்த முதல் பாடத்தைக் கேட்டபோது எனக்குப் பெரியப்பாவின் தோணிதான் ஞாபகம் வந்தது. ஒரு பிடி எந்தப் பக்கம் இழுத்தால் நிற்கும், எந்தப் பக்கம் இழுத்தால் கழன்றுவிடும் என்பதுதான் அந்தப் பாடம். அங்கேயே கூட வேலை செய்தவர்களோடு பாறை ஏறப் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பின்னும் அந்த ஆசை விடவில்லை. பாறை ஏறுபவர்கள் கயிற்றைக் கட்டும் இடத்தை நங்கூரம் என்றுதான் சொல்வார்கள். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. கிரான் வழியாகக் குடும்பிமலைக்கும், கீழே அறுகம்பைப் பக்கத்துப் பாறைகளுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிற பொடியள் இப்போது கூடிவிட்டார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் சிலர் தோளில் நீல நிறக் கயிறு ஒன்றைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. அது தோணி கட்டவும் லொறியில் சாமான் இறுக்கவும் வாங்குகிற பொலிப்புரொப்பிலின் கயிறு. வலிமையான கயிறுதான், அதில் சந்தேகமில்லை. மாட்டையே கட்டலாம். ஆனால் விழுகிற மனிதனைப் பிடிப்பது வேறு வேலை.

அது ஏன் என்று சொல்கிறேன். ஒருவர் இரண்டு மூன்று மீற்றர் விழுந்து கயிற்றில் நிற்கும்போது அந்த வேகம் முழுவதையும் ஏதோ ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். பாறை ஏறுவதற்கென்று செய்த நைலோன் கயிறு அந்த நேரத்தில் இழுபட்டு நீளும். ஐரோப்பியத் தரப்படி, 80 கிலோ எடையை விழவிட்டுச் சோதிக்கும்போது அது 40 சதவீதம் வரை நீளலாம். முதல் விழுகையில் உண்டாகும் அதிர்ச்சி விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறத்தாழ 1200 கிலோ தொங்குவதற்குச் சமமான விசை. அப்படியான கயிறு ஐந்து விழுகையையாவது தாங்கினால்தான் கடைக்கு வரும். கடைத்தெருவில் வாங்குகிற நீலக் கயிறு இந்தச் சோதனைக்கென்று செய்ததல்ல. அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளாவிட்டால், இடுப்பும் முதுகெலும்பும் மேலே கட்டிய மரமும்தான் வாங்கும். போதாததற்கு, உராய்ந்து சூடேறினால் அது உருகவும் செய்யும்.

சரி, நல்ல கயிறு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எதில் கட்டுவது?

நம் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது மரம். அந்தக் காலத்தில் வேடர்கள் மலைத்தேன் எடுக்கக் கொடியால் ஏணி முறுக்கிப் பாறை உச்சியிலிருந்து கீழே விட்டு இறங்குவார்கள். உச்சியில் எந்த மரத்தில் அதைக் கட்டினார்களோ, அந்த மரத்தில்தான் ஓர் உயிர் தொங்கியது. மரத்தை அறிந்தவர்கள் அவர்கள். நான் அப்படி அறியாமல் ஒருநாள் கட்டினேன்.

குடும்பிமலைப் பக்கம் ஒரு சரிவுப் பாறை. உச்சியில் தொடைப் பருமனில் ஒரு வீரை மரம், பச்சைப் பசேலென்று நின்றது. நங்கூரம் கட்டுகிற தட்டை நாடாவான பட்டியை அதில் சுற்றிக் கட்டினேன். பழக்கதோஷத்தில் பின்னால் இருந்த ஒரு பெரிய உருண்டைக் கல்லிலும் இன்னொரு பட்டி போட்டு இணைத்தேன். கீழே இருந்து ஏறிய தம்பி ஒருவருக்குக் கால் வழுக்கியது. கயிறு இறுகியது, மரம் சாய்ந்தது. அதன் வேர் பாறையின் மேல் ஒரு சாண் மண்ணில் மட்டும் படர்ந்திருந்திருக்கிறது. பாயைச் சுருட்டுவது போல மண்ணோடு உரிந்து வந்துவிட்டது. கல்லில் போட்ட பட்டிதான் பிடித்தது. ஆனால் அந்தப் பட்டியை நான் தளர்வாக விட்டிருந்தேன். அதனால் அந்தத் தம்பி ஒரு மீற்றருக்கு மேல் கீழே போய்த்தான் நின்றார். கயிறு பாறை விளிம்பில் தேய்ந்து உறை பிய்ந்துவிட்டது. அவருக்கு முழங்கை உரசலோடு போனது. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

பிழை இரண்டும் என்னுடையவைதான். மரத்தின் இலையைப் பார்த்தேன், வேரைப் பார்க்கவில்லை. இரண்டாவது நங்கூரம் போட்டேன், ஆனால் முதலாவது போனால் அது எவ்வளவு தூரம் இழுபடும் என்று யோசிக்கவில்லை. இப்போது மரத்தை முதலில் உலுப்பிப் பார்க்கிறேன். காலால் உதைத்துப் பார்க்கிறேன். வேர் வெடிப்புக்குள் இறங்கியிருக்கிறதா, மேலோடு மட்டும் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். பட்டியை மரத்தின் அடியோடு ஒட்டிப் போடுகிறேன். உயரத்தில் கட்டினால் மரமே நெம்புகோலாகித் தன் வேரைத் தானே கிளப்பும். அப்புறம், இரண்டு பட்டிகளும் சுமையை ஒன்றாகத் தாங்கும்படி இறுக்கி ஒரே முடிச்சாகப் போடுகிறேன். அப்படிப் போட்டால் ஒன்று போனாலும் மற்றது குலுங்காமல் பிடிக்கும்.

இரண்டு பிடிகளை இணைக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று, இரண்டு பட்டிகளுக்கும் நடுவில் வருகிற கோணம். இதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை, முற்றத்தில் உடுப்புக் கொடி கட்டினாலே விளங்கும். கொடியைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் ஈர உடுப்பு எவ்வளவு போட்டாலும் தூண் நிற்கும். தொய்யக் கூடாது என்று விறைப்பாக இழுத்துக் கட்டினால் நாலு சாரம் போட்டதும் தூண் உள்ளே சாய்ந்துவிடும். உடுப்பின் பாரம் கூடவில்லை, கோணம்தான் விரிந்துவிட்டது. நங்கூரத்திலும் அதே கணக்குத்தான். கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு பிடியும் சுமையில் 58 சதவீதத்தைத் தாங்கும். 90 பாகையில் அது 71 சதவீதம். 120 பாகைக்குப் போனால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும், இரண்டு போட்டதில் பாரம் குறையவே இல்லை. 170 பாகையில் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அதனால் 60 பாகைக்குள் வைக்கப் பாருங்கள். பட்டி போதவில்லை என்றால் நீளமான பட்டி எடுங்கள், கோணத்தை விரித்துச் சமாளிக்க வேண்டாம்.

பட்டி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். டைனீமா என்று மெல்லிய வெள்ளைப் பட்டி வருகிறது. சுமை தாங்குவதில் கெட்டிக்காரப் பட்டி, ஆனால் அது நீளாது. அதில் நேரே கொழுவிக்கொண்டு நங்கூரத்துக்கு மேலே ஏறி நின்று தவறினால், ஒரு மீற்றர் விழுகையே போதும். முடிச்சுப் போட்ட டைனீமா பட்டி அப்படி அறுந்த சோதனைகள் உண்டு. உடம்புக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் ஏறும் கயிறு கொஞ்சமாவது இருக்கட்டும்.

மரமும் கல்லும் இல்லாத இடத்தில் வெடிப்புகளைத் தேடுவோம். வேல்ஸில் 1950களிலும் 60களிலும் பாறை ஏறியவர்கள் மலை ரயில் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி, மரையை அராவி, ஓட்டையில் கயிறு கோத்து வெடிப்பில் சொருகினார்கள் என்று சொல்வார்கள். இன்றைக்கும் அந்தக் கருவிக்குப் பெயர் நட்டுத்தான். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கிற வெடிப்பில் இறக்கினால், கீழ்நோக்கி இழுக்க இழுக்க இறுகும். மேல்நோக்கி இழுத்தால் பெரியப்பாவின் நங்கூரம் போலவே கழன்று வரும். பிறகு அமெரிக்கரான ரே ஜார்டின் விரிகிற கருவி ஒன்றை உருவாக்கினார். 1978 இல் அது விற்பனைக்கு வந்தது. அதன் இழுபிடியை இழுத்தால் சுருங்கும், விட்டால் வெடிப்புக்குள் விரிந்து நிற்கும். பாரம் விழுந்தால் இரண்டு பக்கச் சுவரையும் நெட்டித் தள்ளிக்கொண்டு பிடிக்கும். அந்தத் தள்ளுதல், விழும் பாரத்தைப் போல ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நம் ஊர்ப் பாறையில் அதுதான் கவலை. வெயிலிலும் மழையிலும் இந்தப் பாறைகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். வெடிப்பு என்று நாம் நினைப்பது பல நேரம் கழரக் காத்திருக்கிற ஒரு பொருக்கின் பின்பக்கம். அதற்குள் விரிகிற கருவியைச் சொருகினால் அதுவே பொருக்கை நெம்பி உங்கள் தலையில் போடும். விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். கெட்டியான பாறை ஊமையாக இருக்கும். வெறுங்குடம் போல ஒலித்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

துளை போட்டு போல்ட் இறுக்கலாமே என்று கேட்பார்கள். முறையாகப் போட்ட போல்ட்டைப் போல நம்பிக்கை தருவது வேறில்லை. ஆனால் இராசகல்லில் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தாந்தாமலையிலும் உகந்தையிலும் முருகன் இருக்கிறான். அந்த மாதிரி இடத்தில் ஒரு துளை கூடப் போடக் கூடாது. சட்டமும் விடாது, என் மனமும் விடாது. அடுத்தது உப்புக் காற்று. கடற்கரையில் சாதாரண இரும்பு கறள் பிடிப்பது எல்லாருக்கும் தெரியும். எவர்சில்வர் என்று நாம் சொல்கிற கறள் பிடிக்காத உருக்கும் அங்கே ஏமாற்றிவிடும். தாய்லாந்துக் கடலோரப் பாறைகளில் அப்படிப்பட்ட போல்ட்டுகள் சில வருடங்களிலேயே உள்ளுக்குள் வெடித்து, வெளியில் பளபளப்பாக இருக்கும்போதே முறிந்தன. அதற்குப் பிறகுதான் அங்கே டைட்டேனியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதிக்கத் தொடங்கினார்கள். அறுகம்பைப் பக்கம் பாறையில் யாரோ போட்ட பழைய போல்ட்டைக் கண்டால் அது மின்னுகிறதே என்று கொழுவிவிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரபினர் என்கிற கொழுவியின் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். நீளவாக்கில் 20 கிலோநியூட்டன் தாங்குகிற அதே கொழுவி, குறுக்கே இழுபட்டால் 7 தான் தாங்கும். வாய் திறந்திருந்தாலும் 7 தான். பூட்டுள்ளதை வாங்குங்கள், பூட்டுங்கள், பூட்டியதைக் கையால் அமத்திப் பாருங்கள். இடுப்புப் பட்டியின் கொக்கியையும் முடிச்சையும் ஏறுபவரும் கீழே கயிறு பிடிப்பவரும் ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள், வெறுந்தலைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது பாரம், காது கேட்காது, மேலே அண்ணாந்து பார்க்கவும் விடாது. கயிற்றில் இறங்கும்போது இரண்டு நுனியிலும் பெரிய முடிச்சுப் போடுங்கள். நன்றாகப் பழகியவர்கள் கூட நுனி வந்தது தெரியாமல் கயிற்றை விட்டுக் கழன்று விழுந்திருக்கிறார்கள்.

கயிற்றை ஓட்டோவின் பின்பக்கம் போட்டுக்கொண்டு போகிறீர்களா? பற்றரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பற்றரி அசிட்டின் ஆவி பட்டாலே நைலோன் செத்துவிடும். வெளியில் ஓர் அடையாளமும் தெரியாது, பாரம் விழும்போதுதான் தெரியும். நான் என் கயிற்றை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு அலுமாரியில் வைக்கிறேன். வாங்கிய திகதியை உறையில் எழுதியிருக்கிறேன். பத்து வருடம் ஆனால், பாவிக்காமலே கிடந்தாலும், கிணற்று வாளிக்குக் கொடுத்துவிடுவேன்.

இப்போது மாரி. புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறிவிடும், மலைப் பக்கம் யாரும் போக முடியாது. தை பிறந்து நிலம் காய்ந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு பேரும் போவோம். அன்றைக்கு ஏற மாட்டோம். பின்பக்கத்து நடைபாதையால் உச்சிக்குப் போய், போன வருடம் கட்டிய மரங்களையும் கற்களையும் ஒவ்வொன்றாக உலுப்பிப் பார்ப்போம். மழை எந்த வேரின் மண்ணை அரித்திருக்கிறதோ தெரியாது.

வணக்கம்.