காக்கை இல்லாத ஊரில் பறவை பார்ப்பது

எல்லோருக்கும் வணக்கம். சீனாவில் பறவை பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். பாண்டா திரியும் மூங்கில் காடு, பொன்னிறக் காட்டுக்கோழி, திபெத்துப் பனிமலை என்று படம் காட்டப்போகிறேன் என நினைத்து யாராவது வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் வேலை பார்த்தது ஷாங்காயில். அடுக்குமாடி, மேம்பாலம், மெட்ரோ. பேச்சில் முக்கால்வாசி அங்கே நடைபாதையிலும் புல்தரையிலும் தத்திக்கொண்டிருக்கும் நான்கு சாதாரணப் பறவைகளைப் பற்றித்தான் இருக்கும்.

ஷாங்காய்க்குப் போன நம்மூர்க்காரருக்குச் சீக்கிரமே உறைப்பது ஒன்று, காக்கை இல்லை. நகரத்துக்குள் ஒரு காக்கையைப் பார்ப்பதே அபூர்வம். (பெய்ஜிங் கதை வேறு, அங்கே குளிர்காலத்தில் சாயங்காலம் ஆனால் நகர மரங்களில் காக்கைக் கூட்டம் வந்து அடைந்து, கீழே நிறுத்திய கார்களையெல்லாம் வெள்ளையடித்துவிடும்.) காக்கை இல்லாதது பறவை பார்ப்பவருக்குப் பெரிய தொல்லை. 'காக்கையைவிடச் சின்னது, மைனாவைவிடப் பெரியது' என்றுதானே நாம் எல்லாப் பறவையையும் சொல்ல ஆரம்பிக்கிறோம்? சாலிம் அலி 1941இல் கொண்டுவந்த இந்தியப் பறவைகள் நூலிலும் சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, புறா, காக்கை என்றுதான் அளவு சொல்லியிருப்பார். அந்த அளவுகோலை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனால், எதிர் மரத்தில் உட்கார்ந்திருப்பது 15 சென்டிமீட்டரா 25 சென்டிமீட்டரா என்பதே பிடிபடாது.

அங்கேதான் இந்த நான்கு பேர் வருகிறார்கள். ஷாங்காய்ப் பறவை ஆர்வலர்கள் இவர்களைக் கிண்டலாக 'நான்கு காவல் தெய்வங்கள்' என்பார்கள், பௌத்தக் கோயில் முகப்பில் நிற்கும் நால்வரை வைத்து. மரச்சிட்டு, வெண்தலைக் கொண்டைக்குருவி, சீனக் கரும்பூங்குருவி, புள்ளிப்புறா. எங்கே திரும்பினாலும் இவை நிற்கும், அதனால் ஒருவருக்கும் மதிப்பில்லை, 'இன்றைக்குத் தெய்வ தரிசனம் மட்டும்தான்' என்று அலுத்துக்கொள்வார்கள். ஆனால் புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சிட்டு 14 சென்டிமீட்டர், கொண்டைக்குருவி 19, பூங்குருவி 28, புறா 30 சொச்சம். முதல் சில மாதங்களுக்கு வேறு எதையும் தேடாதீர்கள், இந்த நாலையும் அலுத்துப்போகும்வரை பாருங்கள் என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன். அப்புறம் இந்த நாலும் இல்லாத ஒன்று மரத்தில் அசைந்தால் பெயர் தெரியாவிட்டாலும் கண் சட்டென்று நிற்கும்.

மரச்சிட்டிலிருந்தே ஆரம்பிப்போம். பார்த்ததும் நம் சிட்டுக்குருவி என்றுதான் தோன்றும். நம்மூர் ஆண் குருவிக்கு உச்சந்தலை சாம்பல், இதற்குத் தலை முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம், வெள்ளைக் கன்னத்தில் ஒரு கருப்புப் பொட்டு. நம்மூரில் ஆண் ஒரு மாதிரி, பெண் ஒரு மாதிரி, இதில் இரண்டும் ஒன்றே. 1958இல் சீன அரசு, குருவி தானியத்தைத் தின்றுவிடுகிறது என்று அதை எலி, ஈ, கொசுவோடு சேர்த்து 'நான்கு தொல்லைகள்' ஒழிப்பு இயக்கம் என்று சொல்லி, தட்டுகளைத் தட்டி, உட்கார விடாமல் விரட்டி விரட்டிக் கொன்றார்களே, அது இந்தக் குருவியைத்தான். ஜெங் ஜுவோசின் என்ற பறவையியலாளர் குருவிகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்து, குஞ்சு வளர்க்கும் காலத்தில் இது ஏராளமாகப் பூச்சி தின்கிறது என்று காட்டினார். 1960இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். இன்று டீக்கடையோ சாப்பாட்டுக்கடையோ, எந்த மேசைக்கடியிலும் தைரியமாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிற அந்தச் சின்ன உருவத்தைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததே இல்லை.

புள்ளிப்புறா இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அது நம்மிடமும் இருக்கிறது. கழுத்தில் அதே கருப்புப் பட்டை, அதே வெள்ளைப் புள்ளிகள். ஆனால் நம்மூர்ப் புறாவுக்கு இறக்கையிலும் புள்ளி தெளித்திருக்கும், சீனத்துப் புறாவுக்கு இறக்கை கிட்டத்தட்ட வெறும் பழுப்பு. பழுப்புக் கீச்சானும் அப்படித்தான். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வருவது அநேகமாகப் பழுப்புத் தலைக்காரன், ஷாங்காய் வழியாக வலசை போவதில் பெரும்பாலும் சாம்பல் தலைக்காரன். ஒரே இனம்தான், வேறு உள்ளினம். ஊரில் கற்றது அயலூரில் எவ்வளவு தூரம் உதவும் என்று கேட்டால் என் பதில் இதுதான்: குடும்பம் வரைக்கும் நம்புங்கள், இனத்தைச் சந்தேகப்படுங்கள். கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாய்ந்து பூச்சியைப் பிடித்து, அதே கிளைக்குத் திரும்பினால் அது ஈப்பிடிப்பான் வகை என்று தமிழ்நாட்டுக் கண் சரியாகவே சொல்லும். எந்த ஈப்பிடிப்பான் என்பதை அந்தக் கண்ணிடம் கேட்கக் கூடாது.

சரி, நாலும் பழகியாயிற்று என்று நினைக்கும்போது ஜூன் மாதம் வரும். வெண்தலைக் கொண்டைக்குருவியின் குஞ்சுகளுக்கு வெண்தலையே கிடையாது, அழுக்குச் சாம்பலாக ஒரு தலை. புறாக்குஞ்சுக்குக் கழுத்தில் புள்ளி இருக்காது. கரும்பூங்குருவியின் குஞ்சு கருப்பாகவே இருக்காது, பழுப்பில் தீற்றல் தீற்றலாக, புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒரு பூங்குருவி போல நிற்கும். நாலு பறவை எட்டாகிவிடும். அந்த மாதத்தில் 'அரிய பறவை பார்த்தேன்' என்று அனுப்பப்படும் படங்களில் கணிசமானவை இந்தக் குஞ்சுகள்தான், கூடவே தாய்ப்பறவை இரையோடு வருகிறதா என்று ஐந்து நிமிடம் காத்திருந்தாலே தெரிந்துவிடும்.

காதை நம்பலாமா என்றால், கரும்பூங்குருவி அதையும் கெடுக்கும். அருமையான பாடகன், அதைவிட அருமையான மிமிக்ரிக் கலைஞன். மற்றப் பறவைகளின் குரலை எடுத்துக்கொள்ளும், நிறுத்திவைத்த மின் ஸ்கூட்டரின் அலாரத்தையும் எடுத்துக்கொள்ளும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இதன் முன்னால் திணறும். போதாதென்று பூங்காக்களில் காலையில் பெரியவர்கள் துணி போர்த்திய மூங்கில் கூண்டோடு வந்து மரக்கிளையில் மாட்டிவிட்டு உட்காருவார்கள், உள்ளே ஹுவாமெய் என்ற சிரிப்பான் வகைப் பறவை, உயிரை விட்டுப் பாடும். 2021இல் திருத்தப்பட்ட தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் அதற்கு இரண்டாம் நிலைப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கூண்டுப் பழக்கம் பழையது. ஆகவே பூங்காவில் அபூர்வக் குரல் கேட்டால் முதலில் சுற்றிக் கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள். தப்பித்த பறவை, புண்ணியத்துக்கு வாங்கி விடுவித்த பறவை எல்லாம் நகரத்தில் திரியும்.

நான் இறகைவிட அதிகமாக நம்பியது காலண்டரை. பூங்காப் புதரோரம் அடிக்கடி குனிந்து வாலை நடுக்கும் ஆரஞ்சு வயிற்றுச் சின்னப் பறவை, இறக்கையில் வெள்ளைத் திட்டு என்றால், அது டாரியன் ரெட்ஸ்டார்ட், குளிர்கால விருந்தாளி. ஜூலையில் அதைப் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி, அப்புறம் செப்டம்பர் என்றால் எதுவும் நடக்கும். நகரத்தின் தென்கிழக்கு மூலையில் நான்ஹுய் என்று ஒரு இடம், நிலம் முடிந்து கடல் ஆரம்பிக்கும் முனை. கடல்சுவரை ஒட்டிக் குட்டிக் குட்டி மரத்தோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் அளவுகூட வராது. களைத்து வரும் வலசைப் பறவைக்கு ஒதுங்க வேறு மரம் இல்லாததால் எல்லாம் அங்கே வந்து விழும். நம் ஆறுமணிக்குருவியின் உறவுக்காரியான தேவதைப் பிட்டாகூட வரும். அது வந்துவிட்டால் பெரிய லென்ஸ்காரர்கள் வரிசை கட்டி, புழு தூவி, பறவையை ஒரே கல்லின் மேல் மறுபடி மறுபடி வரவழைத்துப் படம் எடுப்பார்கள். படங்கள் அழகாகத்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், எந்தப் பறவை எந்தத் தோப்பில் என்று மொழி தெரியாத எனக்குக் கைநீட்டிக் காட்டியவர்களும் அவர்களே.

ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் சின்னஞ்சிறு கதிர்குருவிகளைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. மஞ்சள் புருவக் கதிர்குருவி, பல்லாஸ் கதிர்குருவி இரண்டும் சமாளிக்கலாம், பல்லாஸ் அந்தரத்தில் படபடக்கும்போது இடுப்பில் எலுமிச்சை மஞ்சள் பளிச்சிடும். ஆனால் வெளிர்கால் கதிர்குருவியும் சகாலின் கதிர்குருவியும் பாடினால்தான் வேறு வேறு, வாயை மூடிக்கொண்டிருந்தால் அனுபவசாலிகளே இரண்டையும் சாய்கோடு போட்டு ஒன்றாகத்தான் எழுதுகிறார்கள். நாமும் அப்படியே எழுதலாம், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

கடற்கரைச் சேற்றுக்குப் போனால் இன்னொரு உலகம். ஷாங்காய்க்கு வடக்கே ஜியாங்சு மாநிலத்தில் தியாவ்ஸினி சேற்றுவெளி, 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மஞ்சள் கடல் கரைகளில் ஒன்று. உலகத்தில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை வலசையில் அங்கே வந்து இறகு மாற்றுகிறது. ஒரு சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, ஆயிரக்கணக்கான சின்ன உள்ளான்களுக்கு நடுவில். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு சாதாரணமாகவே தெரியும், அது நேராக நம் பக்கம் திரும்பினால்தான் கரண்டி. எனவே ஸ்கோப்பை, அதாவது முக்காலித் தொலைநோக்கியை, வைத்துவிட்டு, திரும்பு, திரும்பு என்று காத்திருக்க வேண்டியதுதான்.

போகப்போகிறவர்களுக்கு இரண்டு நடைமுறை விஷயம். மெர்லினில் சீனாவுக்கான தொகுப்பை இங்கிருந்தே இறக்கிக்கொண்டு போங்கள், கூகுளை நம்பி இயங்கும் எதுவும் அங்கே வேலை செய்யாது, வரைபடம் உட்பட. சீன வரைபடங்களில் இருப்பிடம் நிஜ இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும், அதை அப்படியே பட்டியலில் ஏற்றினால் உங்கள் உள்ளான் நெடுஞ்சாலை நடுவில் நிற்கும். அப்புறம் கரைப்பறவையின் காலில், எங்கே பிடித்து விட்டது என்று தெரிய ஆராய்ச்சியாளர்கள் மாட்டும் பிளாஸ்டிக் கொடி இருந்தால் நிறத்தையும், எது மேலே எது கீழே என்பதையும், எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, மஞ்சள் என்றால் அதே நாட்டின் வடமேற்கு, வெள்ளை என்றால் நியூசிலாந்து, கருப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் ஷாங்காயின் சோங்மிங் தீவிலேயே மாட்டியது. கொடியில் எழுத்து இருந்து அதையும் படிக்க முடிந்தால் அந்தத் தனிப்பறவையையே அடையாளம் காணலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.